நெத்தோலிக்குக் கட்டிய நாடா

எங்கள் பழைய வீட்டின் பதினொரு வருடத்தை அம்மா காக்காய் விரட்டக் கட்டியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நாகர்கோவிலில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை முடிந்து, குளச்சலில் பேருந்து மாறி, ஊரில் இறங்கி, கடற்கரை வழியாக வாடகை வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மணலில் பழைய வலைகளை விரித்து நெத்தோலி காயப்போட்டிருந்தார்கள். நட்டிருந்த கம்புகளுக்கு இடையே கறுப்பாக ஒரு நாடா ஓடியது. காற்று பட்டதும் ஒரு பக்கம் மின்னி, விடாமல் முரண்டு பிடிக்கிற வண்டு மாதிரி இரைந்தது. ஒரு வலைக்கு மேலே மட்டுமல்ல, ஐந்து பெண்களின் ஐந்து வலைகளுக்கு மேலேயும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது.

அரை அங்குல அகலம். பாட்டு கேசட்டின் நாடா அவ்வளவு அகலம் கிடையாது. அதைக் கவனித்த இடத்திலேயே என் கால் நின்றுவிட்டது.

பழைய தெருவில் எங்களோடு ஒரே சுவரைப் பங்கிட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அங்கே மீனைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரை நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"லே மக்கா, ஒனக்க நாடா கொள்ளாம் கேட்டியா! இன்னைக்குக் காலத்த கெட்டினது. ஒரு காக்கா பக்கத்துல அடுக்கல்ல."

"இது எங்கேருந்து கெடச்சுது சித்தி?"

"ஒனக்க அம்ம தந்தா. உருவ உருவ வந்துகிட்டே இருக்கு, தீரவே இல்ல. அஞ்சு பேரு கெட்டியும் மிச்சம் கெடக்கு. எந்தப் பயலே இத இம்புட்டு நீளத்துக்குச் செஞ்சது?"

எண்ணூற்று நாற்பத்தாறு மீட்டர். எனக்கு மனப்பாடம். இரண்டு மாதம் முன்பு அதில் எங்கள் படங்களை ஏற்றியபோது, அந்த நீளத்தை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எங்கள் கரையில் கேசட் பெட்டிகள் செத்துப் பல வருடம் ஆன பிறகும் கேசட் நாடா சாகவில்லை. கோயில் பாட்டு, வளைகுடாவிலிருந்து ஆண்கள் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டுகள், எல்லாவற்றையும் பெண்கள் ஒவ்வொன்றாக உருவிக் கருவாட்டுக்குக் காவல் கட்டினார்கள். நைலான் கயிறு கட்டினால் அது சத்தம் போடாது. சி.டி. தொங்கவிட்டால் மின்னும், ஆனால் இரண்டே நாளில் காக்காய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் தின்னும். நாடா மட்டும்தான் மின்னவும் செய்யும், இரையவும் செய்யும். இப்போது நாடா கிடைப்பது கஷ்டம். யார் வீட்டிலாவது ஒரு கேசட் மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தால் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், உள்ளங்கை அளவு சதுரப் பெட்டிக்குள் முடிவே இல்லாத நாடாவைக் கொண்டுபோய், பிஸ்கட் டப்பாவில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தவன் நான்.

வீட்டு வாசலில் அம்மா மீன் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையில் பை இருக்கிற ஞாபகம்கூட இல்லாமல் கத்தினேன்.

"அந்த டப்பாவ யாரு தொறக்கச் சொன்னா?"

"என்னலே, வந்ததும் வராததுமா?"

"நம்ம வீட்டுப் படம் எல்லாம் அதுல இருந்துது. எல்லாம்! ஒனக்கு என்னத்தையாவது ஒண்ணு விட்டுவெக்க முடியாதா?"

அம்மா புரியாமல் பார்த்தாள். "படமா? படம் செல்லுல அல்லவா இருக்கும்? நாடாவுல பாட்டு அல்லவா இருக்கும்?"

"ரெண்டு எழுத்து படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். மேல எழுதி ஒட்டியிருந்தேனே!"

சொன்ன பிறகுதான் சத்தம் எவ்வளவு பெரியது என்று எனக்கே கேட்டது. கடற்கரையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா பாத்திரத்தை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

"நீ படிச்சவன் அல்லவா? நான் கேட்டேனே, இது என்ன மக்கான்னு. என்ன சொன்ன நீ?"

நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். "ஸ்டூடியோ சாமான். ஒனக்குப் புரியாது." அவ்வளவுதான் சொன்னேன்.

ஸ்டூடியோவிலிருந்து நான் கொண்டுவந்த சாமான் எல்லாமே அதுவரை வீட்டுக்கு ஏதோ ஒன்றுக்கு ஆகியிருந்தது. பழைய கல்யாண ஃபிளெக்ஸ் மழைக்கு ஜன்னலை மறைத்தது. ஆல்பம் வந்த அட்டைப்பெட்டியில் தங்கச்சியின் புத்தகங்கள். இன்னொரு ஃபிளெக்ஸில் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் அடுப்படிக் கூரையில் பல மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில்தான் இந்தப் பெட்டியும் வந்தது என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? ஒட்டியிருந்த லேபிளில் நான் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், அழிக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடிய இன்னொரு ஆள் தங்கச்சி. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை வகுப்புக்குப் போயிருந்தாள்.

மேலே எதையும் எழுதிவிடாமல் இருக்க அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை நகர்த்திப் பூட்டியும் வைத்திருந்தேன். அம்மா எதையும் எழுதவில்லை. மீன் வெட்டும் கத்தியை இடுக்கில் விட்டுத் திருகினாள், அவ்வளவுதான்.

இந்தப் படங்கள் எதற்கு என்று சொல்லாவிட்டால் என் கோபம் வெறும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

அப்பா வளைகுடாவில் ஓர் அரபியின் படகில் மீன்பிடிக்கப் போனவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவார். முதல் லீவில் கேமரா வைத்த ஒரு செல்போன் கொண்டுவந்து தந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அப்போது நான்காம் வகுப்பு. அதனால் செல் என் கையில். கடல் ஒவ்வொரு வருடமும் தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்த காலம். கடல் ஏறிய மறுநாள் அம்மா என்னைக் கூப்பிடுவாள். அலை வந்து நின்ற இடத்தில் மீன் கூடையைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு போய் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூடையும் கதவும் ஒரே படத்தில் விழ வேண்டும். இன்னும் எத்தனை அடி மிச்சம் என்று அப்பா அங்கே இருந்து பார்க்க வேண்டும், அதற்குத்தான். முதலில் லீவு முடிந்து போகிறவர்கள் கையில் மெமரி கார்டு கொடுத்துவிட்டோம். பிறகு வாட்ஸாப் வந்தது.

பதினொரு வருடம் எடுத்தேன். படத்துக்குப் படம் கூடை கதவுக்கு நெருங்கி வந்தது. நான்கு வருடம் முன்பு கதவு போனது, சுவர் போனது, சித்தியின் வீடும் எங்கள் வீடும் ஒரே மத்தியானத்தில் போயின.

வீடு இழந்தவர்களுக்கு மாற்று வீடு தருவதாகப் பட்டியல் எடுத்தார்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. ரேஷன் கார்டு அம்மாவின் பிறந்த வீட்டு விலாசத்திலேயே கிடந்தது, மாற்றாமல் விட்டது எங்கள் அலட்சியம். பட்டா எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. சித்தியும் பட்டியலில் இல்லை. அவர் காகிதமெல்லாம் வீட்டோடு கடலுக்குள் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம், ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்றார் அலுவலகத்தில் இருந்த அதிகாரி. செல்லில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்க்கவே இல்லை.

"வாட்ஸாப்ல வந்ததெல்லாம் எடுத்துக்க முடியாதுப்பா. தேதி இருக்காது. ஒரிஜினல் ஃபைல் இருந்தா புதன்கிழமை விசாரணைக்குக் கொண்டு வா."

எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு திமிர். ஒரிஜினல்தானே? இந்த மாவட்டத்திலேயே என்னைப் போல ஒரிஜினலைப் பத்திரம் பண்ணியவன் எவன் இருக்கிறான்?

அதற்கு முன்பே இரண்டு தடவை எல்லாம் போகப் பார்த்தது. ஆன்லைனில் ஏற்றிவைத்த கணக்கு என் பழைய சிம்மோடு கட்டியிருந்தது. ரீசார்ஜ் செய்யாத சிம்மை ரத்து செய்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கணக்கைத் திறக்கும் எண் அந்த ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் நான் என்று எத்தனை தடவை எழுதினாலும் ஒரே பதிலை யந்திரம் அனுப்பியது. பிறகு ஹார்ட் டிஸ்க். உப்புக் காற்று அதன் இணைப்புகளைத் தின்றுவிட்டது, சாவதற்குள் அவசரமாக ஸ்டூடியோ கணினிக்கு அள்ளினேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் முதலாளி, திருவனந்தபுரத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து கணினிக் கோப்புகளை நாடாவில் பதியும் டேப் டிரைவ் ஒன்றையும் ஒரு பெட்டி நாடாக்களையும் ஸ்டூடியோவுக்கு வாங்கிவந்தார். கல்யாண வீடியோக்களைச் சேமிக்க. அதை ஓட்டத் தெரிந்த ஆள் யாரும் இல்லை. கையேட்டை வைத்து நானாகப் படித்தேன். மின்சாரம் வேண்டாம், சிம் வேண்டாம், யாரிடமும் நான்தான் நான் என்று சொல்ல வேண்டாம். அலமாரியில் வைத்தால் முப்பது வருடம் பேசாமல் கிடக்கும் என்றது கையேடு. முதலாளியிடம் கேட்டு இரண்டு நாடா எடுத்து, இரண்டிலும் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்ததை இடத்துக்காக அழித்தேன். ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. வெள்ளம், தீ, திருட்டு என்று கையேட்டில் எல்லாம் எழுதியிருந்தது. நெத்தோலி எழுதவில்லை.

அன்று சாயங்காலம் போய் அந்த நாடாவைச் சுற்றி எடுக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். பாட்டு கேசட்டாக இருந்தால் அறுந்த இடத்தை ஒட்டிப் பாடவைக்கலாம். இதில் எழுத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி, திரும்பி, மறுபடி ஓடி, நாடா முழுக்க முன்னும் பின்னுமாகப் பதிந்திருக்கும். கம்புக்குக் கம்பு அறுத்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். மணல் ஒட்டி, மீன் செதில் ஒட்டி.

"அவுத்துரவா மக்கா?" என்றார் சித்தி, பயந்த குரலில். அதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"வேண்டாம். கெடக்கட்டு. காக்காயாவது அடுக்காம இருக்கட்டு."

அப்படிச் சொன்னது பெருந்தன்மையால் இல்லை. வயிறு எரிந்து சொன்னேன்.

திங்கள்கிழமை முதல் பேருந்தில் ஸ்டூடியோவுக்குப் போனேன். டிரைவ் இருந்த மேசை காலியாக இருந்தது. முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியா? கெட்டி வெச்சாச்சு. நாளைக்கு ஒருத்தன் எடுத்துட்டுப் போவான். இனி எல்லாம் டிஸ்க்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே சார்?"

"ஏன், அது ஒனக்க சீதனமா?"

உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மூலையிலிருந்த அட்டைப்பெட்டியின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"லேய், லேய், தம்பி! நாலு ஆல்பம் நிக்குது. பொண்ணு வீட்டுக்காரன் காலத்தேருந்து மூணு தடவ போன் போட்டாச்சு."

"பொண்ணும் மாப்பிளையும் நாளைக்கும் கல்யாணம் ஆனவங்கதான் சார். எங்க வீடு இருந்துதா இல்லியான்னு புதன்கிழமை முடிவு பண்ணிருவாங்க."

இதை நான் நிதானமாகச் சொல்லவில்லை. முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மத்தியானத்துக்குள்ள முடி. திரும்பக் கெட்டியும் வெச்சிரணும், அதே கெட்டு."

அலமாரியின் பின்வரிசையில் என் இரண்டாவது நாடா இருந்தது. டிரைவில் நுழைத்தேன். உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது, துடைக்கச் சொல்கிறது. துடைக்கும் நாடாவைப் போட்டு எடுத்து, மறுபடி என்னுடையதைப் போட்டேன். நாடா நெடுக ஓடும் சத்தம், ஒரு கோடியில் நிற்பது, திரும்பி ஓடுவது. கம்புகளில் இரைந்த அதே சரக்குத்தான் இது என்று மனம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கோப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வாசலில் எங்கள் அம்மா நின்றதைச் சொல்ல இத்தனை யந்திரம் ஓட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது.

புதன்கிழமை அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். போகும்போதே அம்மாவிடம், "நீ ஒண்ணும் பேசாத. நான் பேசிக்கிறேன்" என்றேன். அவள் தலையசைத்தாள். சனிக்கிழமையிலிருந்தே என்னோடு அவசியத்துக்கு மேல் பேசவில்லை.

அதிகாரியின் மேசையில் என் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தின் விவரத்தைத் திறக்கச் சொன்னார். அடுத்த படம், அதற்கடுத்த படம். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏம்ப்பா, இது எல்லாமே ஜனவரி ஒண்ணாம் தேதி, பகல் பன்னிரண்டு மணியா? ஒரே நாள்ல ஒங்க கடல் இத்தனை தடவ ஏறிச்சா?"

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார்.

அந்த முதல் செல்லின் பேட்டரி நிற்காது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்போம். பேட்டரி கழன்று விழும்போதெல்லாம் செல் தன் பிறந்தநாளுக்குப் போய்விடும். ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதி, நான் ஒன்றாம் வகுப்பில் இருந்த வருடம். அப்போது அந்தச் செல்லே எங்களிடம் கிடையாது. தேதியை யார் திருத்துவார்கள்? பத்து வயதுப் பையன் கூடை படத்தில் விழுந்ததா என்றுதான் பார்ப்பான். பிந்திய வருடங்களின் படங்களில் தேதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கேட்டது அந்தப் பழைய வருடங்களை. எந்த ஒரிஜினலை நாடாவில் ஏற்றி, பூட்டி, இரண்டு ஊரில் வைத்துக் காப்பாற்றினேனோ, அந்த ஒரிஜினலே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பொய்யை ஓர் எழுத்துகூடக் குறையாமல் காப்பாற்றியிருந்தேன்.

"சார், அது செல்லோட கோளாறு..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ரொம்ப பேரு வந்து இப்படித்தான் சொல்றாங்க. மூடி வெச்சிட்டு..."

"சாரே, செத்த நேரம் நில்லும்." அம்மா. பெஞ்சிலிருந்து எழுந்து மேசைக்கு வந்துவிட்டாள். லேப்டாப்பைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள். "லே, அந்தக் கதவப் பெரிசாக்கு."

"அம்மா, நான்..."

"பெரிசாக்குலே."

பெரிதாக்கினேன். நீலக் கதவு. அவள் கை பிடித்திருந்த இடத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு கிறுக்கல்.

"இன்னும்."

கிறுக்கல் எழுத்தானது. சாக்பீஸில் ஆங்கில 'பி', அதன் கீழே வீட்டு எண், அதன் கீழே நாள், மாதம், வருடம்.

"போலியோ சொட்டு மருந்து குடுக்க வந்தவுங்க எழுதினது" என்றாள் அம்மா. "எனக்க இளைய மவளுக்கு அப்ப மூணு வயசு. மருந்து குடுத்துட்டு எழுதிட்டுப் போனாவ. மேல்ஆபீசரு வந்து பாப்பாரு, அழிக்கப்பிடாதுன்னு சொன்னாவ. நான் அழிக்கல்ல. ஒங்க ஆபீசு கையெழுத்துதானே சாரே அது? நாங்களா எழுதினோம்?"

யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி கிட்டே குனிந்து பார்த்தார். அவர் கேட்ட வருடத்துக்கு முந்திய வருடம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாத பையனைப் போல நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு வருடப் படங்களையும் நான் பெயர் மாற்றினேன், வரிசைப்படுத்தினேன், பிரதி சரிதானா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒரு படத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அதே படத்தை, வாட்ஸாப் வந்த பிறகு அப்பாவுக்கு மறுபடி அனுப்பிய பிரதி என் செல்லில் இருந்தது. திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்பீஸ் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் புகை. ஒரிஜினல் காப்பாற்றியதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ஆனால் என்ன காப்பாற்றினேன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அவளிடம்தான் நான் புரியாது என்று சொன்னேன்.

"சரி. பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போங்க. பாக்கறேன்" என்றார் அதிகாரி.

"ரசீது?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குப்பா?"

இப்போது என் கோபத்துக்குச் சரியான இடம் கிடைத்தது. "எங்க தெரு இருந்துதுன்னு நாங்க ரசீது கொண்டுவரணும். நாங்க குடுத்தோம்கிறதுக்கு நீங்க ரசீது தரமாட்டீங்களா சார்?"

அம்மா மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கிற உத்தேசம் இருவருக்கும் இல்லை என்பது மேசைக்கு மேசை தெரிந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியது. முத்திரை குத்திய காகிதம் வந்தது.

திரும்பும் பேருந்தில் அம்மாவிடம், "சனிக்கிழம நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"பேசினதுதான். இனி சும்மா இரி" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அந்தப் பெட்டிக்கு மேல இனி எழுத்து ஒட்டாத. நம்ம வீட்டுப் படம் ஒண்ணு ஒட்டு" என்றாள். மிஞ்சிய ஒரே நாடாவின் மேல் இப்போது நீலக் கதவு ஒட்டியிருக்கிறது. அதை வாசிக்க டிரைவ் இல்லை. முதலாளி சொன்ன ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புதிய பட்டியலில் எங்கள் பெயர் வந்தது. சித்தியின் பெயர் வரவில்லை.

பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலம் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்க கதவிலேயும் எழுதினாவ மக்கா. என் பேரனுக்கு மருந்து குடுத்தாவ. நம்ம ரெண்டு கதவும் பக்கத்துப் பக்கத்துல அல்லவா? தேடு."

தேடினேன். ஒவ்வொரு படமாக. எல்லாப் படத்திலும் அம்மா நடுவில், கூடை கீழே, நீலக் கதவு முழுதாக. வலது ஓரத்தில் சித்தி வீட்டுப் பச்சைக் கதவு. பாதி. சில படங்களில் கால்வாசி. கீல் இருக்கிற பக்கம் மட்டும். அவர்கள் எழுதும் நடுப்பகுதி எல்லாப் படத்திலும் சட்டத்துக்கு வெளியே. இன்னும் ஓர் அடி தள்ளி நின்று எடுத்திருந்தால் இரண்டு கதவும் விழுந்திருக்கும். தள்ளி நிற்க இடம் இருந்தது. அன்றைக்கு அவ்வளவு மணல் இருந்தது. என் அப்பாவுக்கு என் வீட்டைக் காட்டினால் போதும் என்று எடுத்த படங்கள்.

சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது எனக்க கதவுதான்" என்றார், அந்தப் பச்சை ஓரத்தைத் தொட்டு. "அடுத்தத போடு."

போட்டேன்.

"அடுத்தது."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். "பெரிசாக்குலே" என்றாள்.

பெரிதாக்கினேன். பச்சை நிறம் சதுரம் சதுரமாக உடைந்தது.